காந்தளும் நம் தோட்டமும்

சென்ற தைத் திங்களில் ஒருநாள் மாலை, நம் விடுதியின் பின்புற வேலியருகே, சமையற்கூடத்துப் பணியாளர் ஒருவரின் நான்கு வயதுப் பெண்மகவு தனித்து விளையாடிக் கொண்டிருந்தது. வேலிமீது படர்ந்து வாடிக்கிடந்த கொடி ஒன்றில் காய்கள் வெடித்து, உள்ளே செம்மணி கோத்தாற்போல் விதைகள் வரிசையாக விளங்கின. குழந்தை அவற்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எண்ணிற்று. இரண்டை வாயிலும் இட்டது. தாய் கண்டு ஓடிவந்து விரல்விட்டு எடுத்துவிட்டாள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று ஓரிரவு முழுதும் அங்கேயே காத்திருந்தனர். யாதொரு தீங்கும் நேரவில்லை, இறைவனுக்கு நன்றி.

மறுநாளே வேலி துப்புரவு செய்யப்பட்டது. கொடியை அரிந்து எரித்தனர். மண்ணுள் உறங்கும் கிழங்கினை மட்டும் இன்னும் எவரும் தொடவில்லை. அதனை அகழ்ந்து அழித்துவிடுவதா, அன்றி வேறோர் இடத்தில் வைத்துக் காப்பதா என்பதனைக் கல்லூரி மீண்டும் திறப்பதற்கு முன்னர்த் தோட்டக் குழுவினர் முடிவு செய்வர் எனக் கேள்வியுற்றோம். அவ்வினாவிற்கு எம் விடையை இப்பக்கங்களில் வெளியிட விழைந்தோம். விடை கூறுதல் எளிது. அக்குழந்தையின் தாய் இதனைப் படிக்க நேரினும் எம்மை வெறாதவாறு கூறுதலே அரிது. எனவே, அவரை மனத்தின்முன் நிறுத்தியே எழுதுகின்றோம்.

அக்கொடி யாதெனின், செங்காந்தள். கார்த்திகை முழுதும் அது வேலியில் பூத்திருந்தது. விடுதியினர் நாள்தோறும் அவ்வழியே துணி உலர்த்தச் சென்றோம். துணி எடுக்க மீண்டோம். அறுவகைச் சுடர் மேனோக்கி எரிவது போன்ற அப்பூவைச் சிலர் கைப்பேசியில் படமாக்கிக் கொண்டதும் உண்டு. ஆயின், ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்டார் ஒருவரேனும் இலர். நாணத்தோடு மேலும் ஒன்று கூறுதல் வேண்டும். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எம் நண்பருள் மூவர் குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் தேர்வின் பொருட்டு மனனம் செய்தவர். இடையே தடையின்றி ஒரே மூச்சில் ஒப்புவிக்க வல்லர். அப்பட்டியலின் முதற் பெயரே காந்தள். முதற் பெயருக்கு உரிய பூ தம் ஈரத்துணியின்மேல் உராய்ந்து நின்றதனை அவர்களும் அறிந்திலர்!

கபிலர் அப்பாட்டினை ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற் பொருட்டுப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. பிரகதத்தன் மொழியறியாதவன், அவனுக்குப் பூவைக் காட்டிப் பெயரைக் கற்பித்திருத்தல் கூடும். நமக்கோ பெயர் தெரியும். பூவைத்தான் காட்டுவார் வேண்டும். தொல்காப்பியனார் வேலன் வெறியாடும் துறைக்குக் காந்தள் எனவே பெயரிட்டார். மகளிர் விரலுக்கு இப்பூவினை உவமை கூறிய பழம்புலவர் உளர். இத்துணையும் வகுப்பறையில் கேட்டிருந்தும், ஒரு காந்தளினைக் கண்டு ‘நீதானா அது?’ என்று வினவும் பழக்கம் நமக்கு இல்லாது போயிற்று. இலக்கியம் பயில்வார்க்குத் தோட்டம் வேண்டும் என்னும் எம் கருத்து ஈண்டே பிறக்கின்றது.

இடையே ஒரு சிறு ஐயத்தையும் கூறிவிடுகின்றோம். தோன்றி என்பதும் செங்காந்தளே என நிகண்டுகள் கூறும். அங்ஙனமாயின் கபிலர் காந்தளையும் தோன்றியையும் ஒரே பட்டியலில் இருவேறு பூக்களாக ஏன் வைத்தார்? அறிஞர் பலர் இதனைப் பலவாறு ஆய்வர். யாம் அறிஞர் அல்லேம். ஆயினும் மூன்றாண்டு இக்கொடியை வளர்த்த உரிமையால் ஒன்று கூறுவோம். இப்பூ அலரும் நாளில் இதழின் அடி பசுமையும் மஞ்சளுமாய் நிற்க, நுனி மட்டுமே சிவந்திருக்கும். நாள் செல்லச் செல்லச் செம்மை கீழ்நோக்கிப் பரந்து, ஒரு வாரத்திற்குள் பூ முழுதும் குருதி நிறம் கொள்ளும். ஒரே கொடியில் கீழ்ப்பூ செவ்வியதாயும் மேற்பூ மஞ்சளாயும் இருப்பதனைக் காண்பார்க்கு அவை இருவேறு பூக்கள் எனத் தோன்றின் வியப்பின்று. இவ்வூகம் பிழையெனின் எம் ஆசிரியர்கள் பொறுத்தருள்க, தேர்வுத்தாளில் எழுதமாட்டோம்.

நிற்க. யாம் காந்தள் வளர்க்கப் புகுந்த வரலாறு பெருமைக்குரியதன்று. பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பில் படிக்குங்கால், எம் ஊர்க்கு மேற்கேயுள்ள குன்றின் சரிவிற்கு நண்பர் இருவரோடு சென்றோம். அது மரச்செறிவில்லாத இடம்; இடுப்பளவு புல்லும் இடையிடையே முட்புதரும் கொண்ட மேய்ச்சல் நிலம். புரட்டாசி மழையில் நனைந்த புல்லினிடையே ஆங்காங்கே காந்தள் எழுந்து, இலைநுனியால் புல்லையும் புதரையும் பற்றி ஏறிப் பூத்திருந்தது. அவ்விலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும் விந்தையை அன்றுதான் முதன்முதற் கண்டோம். கண்டதும் அதனை எம் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் ஆசை எழுந்தது. கையில் இருந்த கடப்பாரையால் ஐந்து கொடிகளை அகழ்ந்தோம்.

காந்தட்கிழங்கின் இயல்பினை அறிந்தவர் அது கேட்டு நகைப்பர், அல்லது வருந்துவர். கிழங்கு இருகிளையாக வளைந்து கலப்பை போன்ற உருவுடையது. கலப்பைக்கிழங்கு என நாட்டார் வழங்குவதும், வடமொழியில் லாங்கலி எனப்படுவதும் அதுபற்றியே. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே முளை உண்டு. உருளைக்கிழங்கைப் போல எப்பக்கத்தும் கண்கள் கிடையா. நுனி ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. கிழங்கோ வெள்ளரிப்பிஞ்சு போல எளிதில் முறிவது. யாம் அகழ்ந்த ஐந்தனுள் மூன்று கடப்பாரை பட்டு முறிந்தன. எஞ்சிய இரண்டினையும் பூவும் இலையுமாக இருந்த நிலையிலேயே பிடுங்கினோமாதலின், அடுத்த ஆண்டிற்குரிய புதுக்கிழங்கு அவற்றில் இன்னும் முற்றவில்லை. காந்தள் ஆண்டுதோறும் பழைய கிழங்கினைச் செலவிட்டுப் புதியதொன்றனை ஈட்டுவது. நாம் இடையிற் புகுந்து பிடுங்கினால் பழையதும் செலவாகிப் புதியதும் கைகூடாது. எம் முற்றத்தில் அவை நட்ட பத்தாம் நாள் கருகின. குன்றில் இருந்த ஐந்தும் போயின. வீட்டில் ஒன்றும் வரவில்லை. அச்சரிவினை இன்றும் கடக்கும்போது அவ்வைந்து குழிகளும் எம் கண்ணிற்குத் தெரிகின்றன. மழையால் அவை தூர்ந்து ஆண்டு பல ஆயின.

தை மாதத்தில் மீண்டும் சென்றோம், இம்முறை வெறுங்கையோடு. புல் காய்ந்து பழுத்திருந்தது. கொடிகள் வற்றிக் காய்கள் மூன்று பிளவாக விரிந்திருந்தன. மூன்று காய்களினின்று மட்டும் விதையெடுத்தோம். எஞ்சியவற்றைக் குன்றிற்கே விட்டோம். இது கழுவாய் ஆகாது. ஆயினும் வேறு செய்யத் தெரியவில்லை.

விதையினால் வளர்த்தல் பொறுமையை வேண்டுவது. விதையைச் சூழ்ந்த செந்நிறத் தசையினைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, ஆடி மாதம் வரை வைத்திருந்தல் நலம். புதுவிதை உடனே முளைப்பதில்லை, அதற்கு ஓர் உறக்கக் காலம் உண்டு. செம்மண், மணல், மக்கிய இலையுரம் மூன்றும் கலந்து தொட்டியிலிட்டு விரற்கடை ஆழத்தில் விதைத்தோம். சில மூன்று வாரத்தில் முளைத்தன, சில மூன்று மாதம் எம்மைக் காக்க வைத்தன, பல முளைக்கவேயில்லை. முதலாண்டில் தோன்றியது புல்லோ என்று ஐயுறத்தக்க ஒரு சிறு தண்டும் நாலைந்து இலையுமே. எம் தாயார் இருமுறை அதனைக் களையென எண்ணிப் பறிக்கப் போயினர். மார்கழியில் அதுவும் மஞ்சளித்து மறைந்தது. தொட்டியில் வெறும் மண்! ‘பட்டுப்போயிற்று, அதில் கொத்தமல்லி போடலாம்’ என்றனர் வீட்டார். மறைந்தது இறந்ததன்று என்பதனை அவர்க்கு உணர்த்த யாம் பட்ட பாடு பெரிது.

காந்தளைக் காப்பதில் பெரும்பாலார் தவறும் இடம் இவ்வுறக்கக் காலமே. தை முதல் வைகாசி வரை மண்மேல் ஒன்றும் இராது. அன்பு மிகுந்தோர் அப்போதும் நாள்தோறும் நீர் வார்ப்பர், கிழங்கு அழுகிவிடும். குன்றின் சரிவில் கோடைமுழுதும் புல் கருகி மண் வெடித்துக் கிடக்கும் போது உள்ளே கிழங்கு உலர்ந்த இருளில் இனிது உறங்குகின்றது. அவ்வறட்சியைத் தோட்டத்திலும் நாம் அதற்குத் தருதல் வேண்டும். முதல் மழை விழுந்து மண் குளிர்ந்த பின்னர், முளை தலைகாட்டியது கண்டே நீர் தொடங்குதல் வேண்டும். அப்போதும் நீர் தேங்குதல் ஆகாது. வடிகால் இல்லாத களிமண் அதற்குப் பகை. இரண்டாம் ஆண்டு எம் கொடி முழங்காலளவு உயர்ந்தது, பூக்கவில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் ஆளுயரம் எழுந்து, ஐப்பசி இறுதியில் இரண்டே பூக்கள் பூத்தது. அவ்விரண்டினையும் காண எம் தாயார் தெருவினர் அனைவரையும் அழைத்துவந்தனர். கொத்தமல்லியின் பேச்சு அதன்பின் எழவில்லை.

முற்றிய கிழங்கு கிடைக்குமாயின் இத்துணைக் காத்திருத்தல் வேண்டா. ஆனி, ஆடியில் அதனை நுனி ஒடியாது கையாண்டு, நான்கு விரற்கடை ஆழத்தில் கிடையாக வைத்து, ஒன்றற்கொன்று ஒன்றரை அடி இடைவிட்டு நடுவர், அவ்வாண்டே பூக்கும். பற்றி ஏற ஏதேனும் வேண்டும். இரும்புக்கம்பியைவிட முள்ளும் சிம்பும் உடைய காய்ந்த மிலாறே அதற்கு உவப்பானது. இலைநுனி சுற்றிக்கொள்ள மெல்லிய பிடி கிடைக்கும். தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து உழவர் கிளுவைப் போத்துகளை நட்டு அவற்றின்மேல் ஏற்றுகின்றனர். வேரடியில் நிழலும், தலைக்கு வெயிலும் இருத்தல் நன்று. புல்வெளியில் அதற்கு வாய்த்திருந்த இருப்பு அதுவே. ஆதலின் அடியிலுள்ள புல்லை முற்றும் செதுக்கிவிடும் தோட்டக்காரர் தம் அறியாமையாற் கேடு செய்கின்றனர்.

பகையும் ஒன்று உண்டு. கருநிற உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளியிட்ட ஒரு புழு, அழகிற் பூவினோடு போட்டியிடுவது, காந்தளிலையை ஓரிரு நாளில் நரம்பின்றித் தின்றுவிடும். இந்நஞ்சுடைய இலை அதற்கு மட்டும் எங்ஙனம் உணவாயிற்றோ! யாம் மருந்து தெளிப்பதில்லை. காலையில் ஒரு குச்சியால் தட்டி எடுத்துவிடுவோம். ஓரிரண்டினை விட்டுவைப்பதும் உண்டு. அவையும் அந்தப் புல்வெளிக்கு உரியனவேயன்றோ.

இனி, காய்ப்பதன் அருமை. இப்பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் நீண்டுவிடும். தன் மகரந்தம் தன்மேற் படாதிருத்தற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. வண்ணத்துப்பூச்சியோ தேனீயோ பூக்குடிக்கும் சிறுபறவையோ வந்தாலன்றிக் காய் பிடித்தல் அரிது. ஆகலின் விதைக்கெனப் பயிரிடும் உழவர், காலைதோறும் பூப்பூவாகச் சென்று ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியிற் கையாலேயே தடவுகின்றனர். ஒரு காணியில் எத்துணைப் பூ, எத்துணைக் குனிவு என்பதனை எண்ணிப் பார்ப்பார் அவ்விதையின் விலையைக் குறைகூறார். தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, செயங்கொண்டம், வேதாரணியம் ஆகிய இடங்களில் இப்பயிர் நடைபெறுகின்றது. விதை மருந்துத் தொழிலுக்குச் செல்கின்றது. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் 1820ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியே, கவாந்து என்னும் இருவரால் ஐரோப்பியச் செடியொன்றினின்று பிரித்தெடுக்கப்பட்டது; முடக்கும் சூலைநோயாகிய கௌட்டிற்கு இன்றும் மருந்தாவது. பயிர்களின் நிறப்புரிகளை இரட்டிக்கச் செய்யும் ஆற்றலும் அதற்குண்டு என்பது 1937இல் வெளியாயிற்று. அவ்வைரோப்பியச் செடியும் நம் காந்தளும் ஒரே குடும்பம். முன்னர் லில்லிக் குடும்பத்தில் வைத்தெண்ணப்பட்ட காந்தளை இன்று தாவரநூலார் அதனினின்று பிரித்துவிட்டனர்.

இதன் பெருமையினைப் பிறநாட்டார் அறிந்துள்ளனர். 1753இல் லின்னேயஸ் இதற்கு இட்ட குளோரியோசா சூப்பர்பா என்னும் பெயரில் புகழும் செருக்கும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இது இயல்பாக வளர்வது; ஜிம்பாப்வே நாட்டின் தேசியப் பூ இதுவே. 1947இல், அந்நாடு தெற்கு ரொடீஷியா என வழங்கிய காலத்து, அங்கு வந்த இளவரசி எலிசபெத்திற்கு இப்பூவின் வடிவில் வைரம் பதித்த அணியொன்று வழங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே. ஆயின் நம் கல்லூரியின் முகப்பில் யாம் காண்பன யாவை? பிரேசிலினின்று வந்த காகிதப்பூ, குரோட்டன், நாளும் இருமுறை நீர் குடிக்கும் புல்தரை. விருந்தினரை வெறுப்பது எம் கருத்தன்று. காகிதப்பூவின் நிழலில் அமர்ந்து யாமும் பாடம் படித்ததுண்டு. வீட்டுக்குரியவள் கொல்லை வேலியில் நிற்க, விருந்தினர் மட்டும் முன்றிலில் வீற்றிருப்பதே எமக்கு ஒவ்வாதது.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட எம் அறைத்தோழர் ஒருவர், ‘அப்படியாயின் வரும் மழைக்காலத்தில் குன்றிற்குச் சென்று இருபது கிழங்கு கொண்டுவந்து முகப்பு முழுதும் நட்டுவிடுவோம்’ என்றார். அவ்வார்வமே எம்மை அச்சுறுத்துவது. தோட்டத்திற்குக் காந்தள் வேண்டும் என்பதில் எம்மோடு உடன்படும் அன்பர், குன்றினின்று அகழ்ந்து வேண்டா என்பதிலும் உடன்படுதல் வேண்டும். இப்பயிர்த்தொழில் தொடங்கிய நாளில் கிழங்குகள் காடுகளினின்றும் சரிவுகளினின்றுமே அகழப்பட்டன. மருந்துக்கெனத் தோண்டியவரும் உளர். அதனால் முன்பு மிகுதியாக இருந்த இடங்களிலும் இன்று அது அருகிவிட்டது. நாட்டுப்பூவைப் போற்றுகின்றோம் எனக் கூறி நாட்டினின்று அதனைப் பெயர்ப்பது முரண். ஐந்து குழி தோண்டிய கை இதனை எழுதுகின்றது. ஆதலின் இதனைச் சற்றுக் கடுமையாகவே கூற எமக்கு உரிமையுண்டு எனக் கருதுகின்றோம். விலைக்கு வாங்குவோரும் விற்பவரைக் கேட்டு, பயிரிட்ட கிழங்கு எனத் தெளிந்த பின்னரே வாங்குக. ‘காட்டுக் கிழங்கு, நயமானது’ என்று ஒருவர் புகழ்ந்தால் அவரிடம் வாங்காது விடுக.

இனி அத்தாயின் வினாவிற்கு வருவோம். அவர் வாய்திறந்து கேட்டிலர். அவர் பொருட்டு நம் மாணவர் சிலர் கேட்டனர். ‘உயிர் கொல்லும் நஞ்சினைப் பிள்ளைகள் உலவும் இடத்தில் அழகென்று வளர்ப்பதா?’ இவ்வினாவினை எள்ளுவார் உளர், யாம் எள்ளோம். காந்தளின் எல்லா உறுப்பும் நஞ்சு. கிழங்கும் விதையும் மிகக் கொடியன. உண்டவர்க்குச் சில மணிநேரம் ஒன்றும் தோன்றாதிருத்தலும் கூடும். பின்னர் வாந்தியும் கழிச்சலும் தொடங்கி, உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளரும். பிழைத்தவர்க்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்வதும் உண்டு. வள்ளிக்கிழங்கு எனத் தவறாக எண்ணி உண்டு மாண்டார் செய்திகள் உள. ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று வீட்டிலிருந்து காலம் கடத்தாது, அக்குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற தாயின் செயலே சரியான செயல். சித்த மருத்துவத்தில் தூய்மை செய்து சிற்றளவிற் பயன்படுத்துவர் என்பது உண்மையே. அது கற்ற மருத்துவர்க்குரியது. கைம்மருந்து செய்வார்க்கு அன்று.

இஃதெல்லாம் அறிந்தும் காந்தள் வேண்டும் என்கின்றோம். ஏனெனில், நஞ்சினை அகற்றுதலே நோக்கமாயின் நம் தோட்டத்தில் எஞ்சுவது சிலவே. நூலகத்தின் இருமருங்கும் நிற்பது அரளி. அதன் இலையும் பூவும் விதையும் நஞ்சே. நெடுஞ்சாலைகளின் நடுவே அரசினரே அரளியை வரிசையாக நட்டுள்ளனர். விளையாட்டு வெளியின் மூலையில் ஊமத்தையும், அதனை அடுத்து ஆமணக்கும் தாமே வளர்ந்து நிற்கின்றன. அவற்றிடம் நம் பிள்ளைகள் மாளாதிருப்பதற்கு ஏது, அரளி நஞ்சென்பதனை ஒவ்வொரு பாட்டியும் பேரப்பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தமையே. காந்தளுக்கு அவ்வறிவு நகரங்களில் அற்றுப்போயிற்று. கண்வலிக்கிழங்கு என்றால் எம் ஊர்ச் சிறுவர் கையைப் பின்னிழுத்துக் கொள்வர். நம் விடுதி வேலியில் நின்ற கொடிக்கோ பெயர் கூற ஒருவரும் இலர். பெயர் கூறுவார் ஒருவரேனும் இருந்திருப்பின், கார்த்திகையிலேயே அத்தாய்க்கு அறிவித்திருப்பர். தையில் அவ்விதை குழந்தையின் கைக்கு எட்டியிராது. யாம் அறிந்திருந்தோமே என்று கேட்பீர். ஆம், அறிந்திருந்தோம். பூவினைக் கண்டு மகிழ்ந்தோம். நண்பர்க்குக் கபிலரைப் பற்றிக் கூறவும் எண்ணினோம். சமையற்கூடத்திற்கு இருபது அடி நடந்து சென்று, ‘அம்மா, அக்கொடியின் காயைப் பிள்ளை தொடாது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கூற மட்டும் எமக்குத் தோன்றவில்லை. அப்பிழை கொடியினுடையதன்று.

ஆகலின் எம் வேண்டுகோள் இது. வேலிக்கிழங்கு அவ்விடத்தில் இருத்தல் ஆகாது. அது பிள்ளைகள் விளையாடும் இடம். இதில் தோட்டக் குழுவினர் கூற்றே சரி. ஆயின் அதனை எரித்தல் வேண்டா. வைகாசியில், கிழங்கு உறங்கும்போதே, கையால் மண்ணை விலக்கி எடுத்து, தாவரவியற் பகுதியினரின் கம்பிவேலியிட்ட தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் நடுக. அங்கு வெயிலும் உண்டு, வடிகாலும் உண்டு, பூட்டும் உண்டு. எடுப்பார் கையுறை அணிந்து, பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. அருகே ஒரு பலகை நிறுத்துக; அதில் காந்தள் எனவும், கண்வலிக்கிழங்கு எனவும், ‘எல்லா உறுப்பும் நஞ்சு’ எனவும் பெரிய எழுத்தில் எழுதுக. பூக்கள் வாடியதும் காய்களைப் பழுக்குமுன் அரிந்துவிடுக. விதைக்கென ஓரிரண்டினை மட்டும் துணிப்பையிட்டுக் கட்டுக. வீட்டிற் சிறுபிள்ளையோ கன்றுகாலியோ உடையார் இதனை வளர்க்கவே வேண்டா. இங்கு வந்து பார்த்துச் செல்க. அழகுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

இக்கட்டுரை எழுதுமுன் சமையற்கூடத்திற்குச் சென்றோம். அவ்வம்மையார் அரிசி களைந்து கொண்டிருந்தார். எம் கருத்தினைக் கூறி, ‘உங்களுக்கு ஒவ்வாதாயின் எழுதமாட்டோம்’ என்றோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், ‘எங்க ஊர்ல இதைக் கார்த்திகைப் பூன்னுவோம் தம்பி. எங்க அம்மா கிட்டவே விடமாட்டாங்க. வேலியில இருந்தது அதுதான்னு எனக்குத் தெரியலையே. பூத்தப்ப நான் இங்க வேலைக்கு வரலை’ என்றார். அவர் மார்கழியில் வந்து சேர்ந்தவர். வற்றிய கொடியை மட்டுமே கண்டவர். பலகை வைப்பதானால் எழுத்தோடு படமும் வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதன்றோ. அத்திருத்தத்தை எம் வேண்டுகோளோடு சேர்த்துத் தோட்டக் குழுவினர்க்கு அனுப்பியுள்ளோம்.

கிழங்கு உள்ள இடத்தில் ஒரு கல் நட்டு வைத்திருக்கின்றோம். கோடை விடுமுறையில் விடுதியில் தங்குவார் எவரேனும் அவ்விடத்தில் நீர் ஊற்றாதிருக்குமாறு வேண்டுகின்றோம்.